பத்தும் பொருந்தாத இடத்தில் கொடையாளரைத் தெரிவுசெய்வது எப்படி

ஆய்வுகூடப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுத் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என்னிடம், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் சில குடும்பங்கள் இன்னமும் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு வருவதுண்டு. குருதிப் புற்றுநோய், தலசீமியா, என்புமச்சைச் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்காக என்புமச்சை மாற்றுச் சிகிச்சை செய்யவேண்டும் என்று கொழும்பிலோ சென்னையிலோ சொல்லியிருப்பார்கள், கையில் எச்.எல்.ஏ. எனப்படும் இழைய வகைப் பரிசோதனை அறிக்கை இருக்கும், விறாந்தையில் அமர்ந்ததும் கேட்கப்படும் முதற் கேள்வி, "ஐயா, பத்துக்கு எத்தனை பொருந்தியிருக்கு?" என்பதாகவே இருக்கும். ஐந்து என்று சொன்னால் முகம் வாடிவிடும். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், எதை எந்த ஒழுங்கில் பார்க்கவேண்டும் என்பதைப் புதிதாக இந்த வழியில் இறங்குவோருக்காக எழுதுகிறேன். இறுதி முடிவு மாற்றுச் சிகிச்சை செய்யும் வைத்தியரிடமே இருக்கிறது. ஆயினும் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகின்ற குடும்பத்துக்கும் தெரியாமற் போகின்ற குடும்பத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எது பொருந்தவேண்டும்

குருதி வகை வேறு, இழைய வகை வேறு என்பதை முதலில் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். "தம்பிக்கும் ஓ பொசிற்றிவ், எனக்கும் ஓ பொசிற்றிவ், என்னுடையதை எடுங்கோ" என்று முன்வருபவர்களின் அன்பு பெரியது. ஆனால் ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு 9ஆம் நிறமூர்த்தத்திலும், எச்.எல்.ஏ. பரம்பரையலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்திலும் இருப்பதால், ஒன்று பொருந்துவதற்கும் மற்றது பொருந்துவதற்கும் தொடர்பில்லை. எச்.எல்.ஏ. என்பது கலங்களின் மேற்பரப்பிலுள்ள அடையாளப் புரதங்களின் தொகுதி. இவற்றைப் பார்த்தே உடலின் காவற்கலங்கள் தன்னுடையது எது, அந்நியமானது எது என்று பிரித்தறிகின்றன. 1958இல் இவ்வகை அடையாளமொன்றை முதன்முதலில் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ஜான் டொசே, 1980இல் நோபல் பரிசு பெற்றோரில் ஒருவர்.

பொதுவாகப் பார்க்கப்படுபவை ஏ, பி, சி, டிஆர்பி1, டிகியூபி1 என்னும் ஐந்து இடங்கள். ஒவ்வோரிடத்திலும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு இருப்பதால் மொத்தம் பத்து ஆகின்றது. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது. இந்த ஐந்து இடங்களும் நெருக்கமாக அமைந்திருப்பதால் பெரும்பாலும் ஒரே கட்டாகவே பிள்ளைக்குச் செல்கின்றன. ஆகவே ஒரே தாய் தந்தையரின் பிள்ளைகளுள் ஒருவர் மற்றவருக்கு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25%. பாதி பொருந்தும் வாய்ப்பு 50%. ஒரு கட்டும் பொருந்தாதிருக்கும் வாய்ப்பு 25%. பெற்றோரும் பிள்ளையும் எப்போதும் குறைந்தது பாதி பொருந்துவர். உடன்பிறந்தோர் ஒருவர் மட்டுமே இருந்தால் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 25%. இருவர் இருந்தால் ஏறத்தாழ 44%. மூவர் இருந்தால் 58%. நால்வர் இருந்தால் 68%. எங்கள் பெற்றோர் காலத்து ஏழெட்டுப் பிள்ளைக் குடும்பங்களுக்கு இருந்த வாய்ப்பு இன்றைய இரண்டு பிள்ளைக் குடும்பங்களுக்கு இல்லை. உள்ள உடன்பிறப்புகளும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பது நம் பகுதியில் வழமை. தூரத்தை எண்ணி அவர்களை விட்டுவிட வேண்டாம்; அங்கேயே மாதிரி எடுத்து, அங்கேயே பரிசோதித்து அறிக்கையை அனுப்பலாம்.

மச்சான் மச்சாள் திருமணங்கள் உள்ள குடும்பமாயின் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நெருங்கிய உறவுக்குள் ஒரே கட்டு இரு வழியாகவும் வந்து சேரக்கூடும் என்பதால், பெற்றோரில் ஒருவரோ ஒன்றுவிட்ட சகோதரரோ எதிர்பார்த்ததற்கு மேலாகப் பொருந்திவிடுவதுண்டு.

பாதிப் பொருத்தம் எவ்வாறு சாத்தியமாயிற்று

முழுப் பொருத்தமில்லாத கலங்களை ஏற்றினால் இரு ஆபத்துகள் உண்டு. நோயாளியின் உடல் புதிய கலங்களை நிராகரிப்பது ஒன்று. புதிய கலங்களோடு வந்த டி கலங்கள் என்னும் காவற்கலங்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்குவது மற்றொன்று; இதனையே வைத்தியர்கள் ஜி.வி.எச்.டி. என்கின்றனர். இவ்விரண்டும் கடுமையாக இருந்தமையால், பாதிப் பொருத்தம் நெடுங்காலம் வேறு வழியில்லாதோரின் வழியாகவே கருதப்பட்டது.

நிலைமையை மாற்றிய முறைகளுள் இன்று மிகப் பரவலாக உள்ளது, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் குழுவினர் வளர்த்தெடுத்த முறையாகும். கொடையாளரின் மூலக்கலங்களை (குருதிக் கலங்களை உருவாக்கும் என்புமச்சைக் கலங்களை) ஏற்றிய பின் 3ஆம், 4ஆம் நாட்களில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 50 மில்லிகிராம் என்ற அளவில் சைக்ளோபொஸ்பமைட் என்னும் மருந்து கொடுக்கப்படும். நோயாளியின் இழையத்தை அந்நியமென்று கண்டு சினந்தெழும் டி கலங்கள் சரியாக அந்த நாட்களில்தான் விரைந்து பெருகிக்கொண்டிருக்கும். பெருகும் கலங்களையே அம்மருந்து முதன்மையாகக் கொல்லும். மூலக்கலங்களில் அம்மருந்தைச் சிதைக்கும் நொதியம் மிகுதியாக இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. எரியும் கொள்ளிகளை மட்டும் பிடுங்கியெடுத்து அடுப்பை விட்டுவைப்பது போன்ற இந்தச் செயல், என் தொழில்வாழ்வில் நான் கற்ற மிக நுட்பமான விடயங்களில் ஒன்று. பீஜிங்கில் வேறு மருந்துகளைக் கொண்டும், இத்தாலியில் டி கலங்களை முன்னரே வடித்தெடுத்தும் வேறு முறைகள் வளர்ந்தன. எந்த முறையில் சிகிச்சை நடக்கவிருக்கிறது என்று கேட்டறிந்து குறித்துக்கொள்ளுங்கள். கொடையாளரைத் தெரியும் விதி முறைக்கு முறை மாறும்.

அறிக்கையை வாசித்தல்

அறிக்கையில் ஏ*33:03 என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும். முதல் இரு இலக்கங்கள் குடும்பத்தைக் குறிக்கும். இருபுள்ளிக்குப் பின்வருவன அக்குடும்பத்துள் எந்தப் புரதம் என்பதைக் குறிக்கும். இருபுள்ளிக்குப் பின் ஒன்றுமில்லாமல் ஏ*33 என்று மட்டும் இருந்தால் அது மேலோட்டமான பரிசோதனை. ஒரு குடும்பம் இரு இடங்களில் எடுத்த இரு அறிக்கைகளைக் கொண்டுவந்து, ஒன்றில் ஏ*33, மற்றதில் ஏ*33:03 என்றிருப்பதைப் பார்த்துப் பொருந்தவில்லையென்று இரண்டு கிழமை தூங்காமல் இருந்திருக்கிறது. அவை ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. ஒன்று ஊரைச் சொல்கிறது, மற்றது வீட்டிலக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இதற்கு மாறானதும் நடக்கும்: இருவருக்கும் டிஆர்பி1*15 என்று கண்டு மகிழ்ந்திருப்பார்கள், ஆழமாகப் பார்த்தால் ஒருவருக்கு 15:01, மற்றவருக்கு 15:02 என்று பிரிந்துவிடும். ஆகவே மேலோட்டமான அறிக்கையை வைத்துக்கொண்டு எவரையும் தெரியவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

பொருந்தாமைக்குத் திசையும் உண்டு. நோயாளிக்கு ஏ*11:01, ஏ*33:03 என்றும், கொடையாளருக்கு இரு இடத்திலும் ஏ*11:01 என்றும் இருப்பதாகக் கொள்வோம். கொடையாளரின் கலங்களுக்கு ஏ*33:03 அந்நியமாகத் தெரியும். நோயாளியின் கலங்களுக்கோ கொடையாளரிடம் அந்நியமாக ஒன்றுமில்லை. ஆகவே இந்த இடத்தினால் ஜி.வி.எச்.டி. வரலாம், நிராகரிப்பு வராது. இருவரையும் மாற்றிப்போட்டால் விளைவும் மாறும். ஒன்பது என்ற ஒரே எண்ணுக்குள் இந்த இரு நிலைமைகளும் ஒளிந்திருக்கின்றன.

இரச்சுப் பொருத்தம் போன்ற ஒன்று

சாதகத்தில் ஒன்பது பொருந்தி இரச்சு பொருந்தாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் ஓலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அரைப் பொருத்தக் கொடையாளரைத் தெரிவதிலும் அப்படியொன்று உண்டு. என் பார்வையில் மற்றெல்லாவற்றுக்கும் முன்னர் பார்க்கவேண்டியதும் அதுவே. நோயாளியின் குருதியில் அந்தக் கொடையாளரின் எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (அந்நியமானதைத் தாக்க உடல் உருவாக்கும் புரதங்கள்) முன்னரே உள்ளனவா என்பதே அந்தக் கேள்வி. இருந்தால், ஏற்றப்படும் கலங்கள் வேரூன்றுமுன்னரே அழிக்கப்படலாம். பழைய என்புமச்சை மருந்தினால் அழிக்கப்பட்டும் புதியது முளைக்காமலும் இருக்கும் அந்த இடைநிலை உயிருக்கு மிக ஆபத்தானது.

இப்பிறபொருளெதிரிகள் முக்கியமாக இரு வழிகளில் உருவாகின்றன. ஒன்று கர்ப்பம்: வயிற்றிலுள்ள பிள்ளையின் தந்தைவழிப் புரதங்களுக்கு எதிராகத் தாயின் உடல் அவற்றை உருவாக்கிவிடும். ஆகவே நோயாளி ஒரு தாயாகவும், கொடுக்க முன்வருபவர் அவர் பெற்ற மகனாகவும் இருக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பாசத்தில் முன்னிற்கும் மகனே பரிசோதனையில் பின்தள்ளப்படலாம் என்பதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மற்றையது குருதி ஏற்றுதல்: மாதாமாதம் குருதி ஏற்றிக்கொள்ளும் தலசீமியாப் பிள்ளைகளிடம் இவை காணப்படும் வாய்ப்பு அதிகம்.

பரிசோதனையின் முடிவு, பிறபொருளெதிரிகள் எவ்வளவு உள்ளன என்பதைக் காட்டும் எம்.எப்.ஐ. என்னும் அளவில் வரும். 1000க்குக் கீழிருந்தால் பெரும்பாலான நிலையங்கள் பெரிதுபடுத்துவதில்லை. 5000ஐத் தாண்டினால் நிராகரிப்பு ஆபத்து வெகுவாக உயர்கின்றது. ஆனால் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் அளவுகள் வேறுபடுவதால் எண்ணை மட்டும் வைத்து வாதாடக் கூடாது. வேறு கொடையாளர் இருந்தால் அவரிடம் போவதே எளிய வழி. இல்லாவிட்டால் குருதித் திரவ மாற்றீடு, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் ஆகியவற்றால் பிறபொருளெதிரிகளைக் குறைத்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவார்கள். மூன்று மாதத்துக்கு முன்னர் எடுத்த அறிக்கை இன்றைக்குச் செல்லாது. இடையில் குருதி ஏற்றியிருந்தால் அளவு மாறியிருக்கும். சிகிச்சைக்கு அண்மையில் மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே நம் ஊர் வழக்கமொன்றைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் குருதி தேவையென்றால் அண்ணன், சித்தப்பா, மாமன் மகன் என எல்லோரும் வைத்தியசாலை வாசலில் நிற்பார்கள், நன்மையான வழக்கந்தான். ஆனால் மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நோயாளிக்கு நெருங்கிய உறவினரின் குருதியை நேரடியாக ஏற்றக் கூடாது. பின்னர் கொடையாளராகக்கூடிய அதே உறவினரின் புரதங்களுக்கு எதிராக நோயாளியின் உடல் முன்கூட்டியே பழக்கப்பட்டுவிடும். உறவினரின் குருதியிலுள்ள டி கலங்கள் நோயாளியைத் தாக்கும் ஆபத்தும் உண்டு. உறவினர்கள் குருதி வங்கிக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும். நோயாளிக்கு அயலாரின் குருதி, வெண்கலங்கள் வடிகட்டப்பட்டதாக, வைத்தியர் பணித்தால் கதிர்வீச்சூட்டப்பட்டதாகவும் கிடைக்கட்டும். நோய் கண்டறியப்பட்ட முதல் நாளிலேயே இதைச் சொல்ல ஆளிருந்தால் எத்தனையோ சிக்கல் குறையும்.

பலர் இருந்தால் யாரைத் தெரிவது

பிறபொருளெதிரி இல்லாத இருவரோ மூவரோ எஞ்சினால், அடுத்ததாக நான் பார்ப்பது வயதை. இளையவரின் மூலக்கலங்கள் சிறந்த விளைவைத் தருகின்றன என்பது பல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அறுபது வயதுத் தந்தையும் இருபத்தைந்து வயது மகனும் ஒரே அளவு பொருந்தினால் பெரும்பாலும் மகனையே தெரிவார்கள்.

தாயைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்கு நோயென்றால் "என்னுடையதை எடுங்கோ" என்று முதலில் எழுபவர் தாய். அவரைத் தடுப்பது இலகுவல்ல. ஆனால் பீஜிங் முறையில் சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்தபோது தாய் கொடுத்த இடங்களில் ஜி.வி.எச்.டி. அதிகமாகவும், தந்தை கொடுத்த இடங்களில் குறைவாகவும் காணப்பட்டது. டி கலங்களை வடித்தெடுக்கும் இத்தாலிய முறையிலோ தாய் கொடுத்தவர்களே நன்றாயிருந்தனர். முறையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். ஆகவே தாயை ஒதுக்கிவிடவும் வேண்டாம், தாய் என்பதற்காகவே முன்னிறுத்தவும் வேண்டாம்.

சைட்டோமெகலோ வைரசு நிலையும் பார்க்கப்படும். முன்னர் தொற்றாத நோயாளிக்குத் தொற்றாத கொடையாளரும், தொற்றிய நோயாளிக்குத் தொற்றிய கொடையாளரும் விரும்பப்படுவர். குருதி வகை வேறாயிருப்பது தடையன்று. சிவப்புக் கலங்களையோ திரவத்தையோ அகற்றிவிட்டு ஏற்றலாம், நோயாளியின் குருதி வகை காலப்போக்கில் கொடையாளருடையதாகவே மாறிவிடும். இவற்றுக்குப் பின்னர் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதை நுணுக்கமாகப் பார்ப்போரும் உளர்: மேற்சொன்ன ஐந்துக்கு வெளியேயுள்ள டிபிபி1 என்னும் இடத்தின் பொருந்தாமையில் தாங்கக்கூடியது, தாங்கமுடியாதது என்ற பிரிவும், பி இடத்தின் முன்னொட்டுப் பகுதி பொருந்துகிறதா என்ற கேள்வியும் அவ்வகையானவை. குடும்பத்தவர் இதற்குள் இறங்கத் தேவையில்லை.

வெளியாரைத் தேடுவதா

உலகக் கொடையாளர் பதிவேடுகளில் 40 மில்லியனுக்கும் மேற்பட்டோர் உள்ளனர். சென்னையில் 2009 முதல் இயங்கும் தாத்ரியும் அவற்றுள் ஒன்று. எனினும் பதிந்தோரில் பெரும்பங்கினர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2014இல் வெளியான அமெரிக்கக் கணிப்பொன்று, முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 75%ஆகவும், மிகக் குறைவான குழுவினருக்கு 16%ஆகவும் இருப்பதைக் காட்டியது. நம்மவர்க்கு வெளியில் கிடைப்பது பலவேளை ஒன்றோ இரண்டோ குறைந்த பொருத்தந்தான். பழைய மருந்து முறைகளில் அந்த ஒன்றின் விலை பெரிது: 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், (டிகியூபி1ஐ விட்டு எட்டாக எண்ணியபோது) எட்டுக்கு எட்டும் பொருந்தியோரில் ஓராண்டின் பின் உயிரோடிருந்தோர் 52%, ஏழு பொருந்தியோரில் 43%. மேற்சொன்ன சைக்ளோபொஸ்பமைட் முறை வெளியார் கொடைக்கும் பயன்படுத்தப்படத் தொடங்கியபின் இந்த இடைவெளி சுருங்கிவருகின்றது. பொருந்தாதவை எல்லாம் ஒரே பாரமும் அல்ல; சி*03:03, சி*03:04 ஆகிய இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உடல் ஏறக்குறையப் பொறுத்துக்கொள்கிறது.

காலமும் ஒரு காரணி. வெளியாரைத் தேடி, உறுதிசெய்து, கலங்களை வரவழைக்க மாதங்கள் ஆகலாம். வீட்டிலிருக்கும் பாதிப் பொருத்தக்காரர் நாளைக்கே வருவார். கடுமையான குருதிப் புற்றுநோய் மருந்தினால் அடங்கியிருக்கும் காலம் குறுகியது. அதைத் தேடலிற் செலவிடுவது பலவேளை பிழையான சிக்கனம். தலசீமியாவில் அவ்வளவு அவசரமில்லை; அங்கே பொறுத்துத் தேடுவதற்கு நியாயமுண்டு, நிராகரிப்பு ஆபத்தும் அங்கே பெரிது.

கொடையாளரின் பக்கம்

தெரியப்பட்டவருக்கு எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, சி ஆகியனவும், இருதயமும், முழுக் குருதி எண்ணிக்கையும் பார்க்கப்படும். தலசீமியாக் காவியாக இருப்பது மட்டும் தடையாகாது. பரம்பரை நோயெனில் அதே நோய் கொடையாளரிடம் மறைந்திருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். கலங்களை எடுக்கும் வழி இரண்டு: நான்கைந்து நாட்கள் ஊசி போட்டு மூலக்கலங்களைக் குருதிக்கு வரவழைத்து இயந்திரத்தால் பிரித்தெடுப்பது, அல்லது மயக்கமருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து ஊசியால் உறிஞ்சுவது. முன்னையதில் எலும்பு நோவும் பின்னையதில் சில நாட்கள் இடுப்பு நோவும் இருக்கும். முள்ளந்தண்டில் துளையிடுவார்கள், ஆண்மை குறையும் என்றெல்லாம் ஊரில் சொல்லப்படுவதில் உண்மையில்லை.

இன்னுமொன்றை மெதுவாகவே சொல்லவேண்டும். இந்தப் பரிசோதனை, யார் யாருடைய பிள்ளை என்பதையும் காட்டிவிடக்கூடியது. தத்தெடுத்ததைச் சொல்லாத வீடுகளில், குடும்பத்தவர் எல்லோரையும் ஒன்றாக இருத்தி அறிக்கையை வாசிப்பதற்கு முன்னர் வைத்தியருடன் தனியே பேசிக்கொள்வது நன்று. அதேபோல், கொடுக்க விருப்பமில்லாதவரை உறவுமுறையால் நெருக்கவும் கூடாது. பழைய என்புமச்சையை அழிக்கும் ஆயத்த மருந்துகள் நோயாளிக்கு ஏறத் தொடங்கியபின் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளி பிழைப்பதரிது. ஆகவே மறுப்பதாயின் முன்னரே மறுக்க இடங்கொடுங்கள்.

கோவையில் இருக்கவேண்டியவை

மகரகமவுக்கோ சென்னைக்கோ வேலூருக்கோ புறப்படுமுன் எல்லோருடைய எச்.எல்.ஏ. அறிக்கைகளையும், குருதி ஏற்றிய திகதிகளையும், தாயின் கர்ப்பங்களின் எண்ணிக்கையையும் (கலைந்தவையும் சேர்த்து) ஒரே கோவையில் வையுங்கள். சிகிச்சைக்கு முன்னர் நோயாளிக்கும் கொடையாளருக்கும் புதிய மாதிரியில் வகையை மீண்டும் உறுதிசெய்வார்கள். "ஏற்கெனவே பார்த்ததுதானே" என்று மறுக்க வேண்டாம், குழாய்கள் மாறிப்போவதை நான் கண்ணாற் கண்டவன்.

தெரியப்படாத இரண்டாவது கொடையாளரின் அறிக்கையையும் எறிந்துவிடாதீர்கள். பாதிப் பொருத்தச் சிகிச்சைக்குப் பின் புற்றுநோய் திரும்பும் சிலரில், நோய்க்கலங்கள் கொடையாளருக்குப் பொருந்தாத அந்தப் பாதி அடையாளத்தையே உதறிவிட்டு ஒளிந்துகொள்கின்றன என்பதை 2009இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். அந்நிலையில் முதற் கொடையாளரின் கலங்களை மறுபடி ஏற்றுவதால் பயனில்லை. மற்றப் பாதியால் பொருந்துகின்ற வேறொருவரே தேவைப்படுவார். தந்தை கொடுத்திருந்தால் தாயின் அறிக்கையும், தாய்வழிப் பாதியைக் கொண்ட உடன்பிறப்பின் தொலைபேசி இலக்கமும் அன்றைக்கு வேண்டியிருக்கும்.